ஆபரேஷனா, வலையா, விரட்டுவதா? பக்கத்து வீட்டுக்குப் போகும் பூனைக்கு எது சரி

பூனை வளர்ப்பவர் வீட்டு வாசலுக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் நாலுதான். வீடு கட்டக் கொட்டிய மணலில் கழிக்கிறது, பைக் சீட்டைப் பிறாண்டுகிறது, கேட்டில் சிறுநீரைப் பீய்ச்சுகிறது, ராத்திரியில் கத்துகிறது. இதற்குச் சொல்லப்படும் வழிகள் மூன்று. ஆனால் மூன்றும் ஒரே நோய்க்கான மருந்து இல்லை.

கருத்தடை ஆபரேஷன் பீய்ச்சல், கத்தல், சண்டை மூன்றையும் பெரிதும் குறைக்கும். நாலைந்து மாதத்திலேயே டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. பெட்டைக்குட்டி நாலு மாதத்திலேயே சினை பிடிக்கக்கூடும், அதன்பின் இரண்டே மாதத்தில் ஈன்றுவிடும். கடுவன் மறுநாளே அடங்கிவிடாது, ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும். வருடக்கணக்காகப் பீய்ச்சிப் பழகிய கடுவன் விடாமலும் போகலாம். மணலில் கழிப்பதற்கும் சீட்டைப் பிறாண்டுவதற்கும் இந்த ஆபரேஷனால் பெரிய பயன் இல்லை. "ஆபரேஷன் பண்ணியும் திருந்தல" என்று அலுத்துக்கொள்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

வலையடித்து உள்ளேயே வளர்த்தால் கத்தலைத் தவிர மற்ற மூன்று புகாரும் ஓயும், வேலை சுத்தமாக இருந்தால். ஜன்னலில் வெல்க்ரோவால் ஒட்டிய கொசுவலை, பூனை சாய்ந்து உட்கார்ந்தாலே பிய்ந்துவிடும். பால்கனியில் புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைக் கடித்து ஓட்டை போடும். ஓரத்துக் கொக்கிகள் தள்ளித்தள்ளி இருந்தால் நடுவில் வலை தொய்ந்து வழி கிடைக்கும். கம்பி கம்பியாக இழுக்கும் இன்விசிபிள் கிரில்லில் இடைவெளி இரண்டு, மூன்று அங்குலம். பெரிய பூனையைத் தடுத்தாலும் குட்டி நுழைந்துவிடும். ஓரங்களில் ஸ்க்ரூவும் பட்டையும் போட்டு இறுக்கிய, ஒரு அங்குலத்துக்கு மேல் கண் இல்லாத கம்பிவலைதான் நிலைக்கும்.

உள்ளே அடைத்தால் டாய்லெட்டும் உள்ளேதான். பூனை எத்தனையோ அதைவிட ஒரு டிரே கூடுதலாக வேண்டும். பூனையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு டிரே, அதில் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் பென்டோனைட் லிட்டர் (ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண் துகள்), சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி. தினம் இருமுறை அள்ள வேண்டும். காசை மிச்சம்பிடிக்க எம்-சாண்ட் போட்டால் சிறுநீர் கட்டியாகாமல் அடியில் தங்கி நாறும், பூனை டிரேயை விட்டுச் சோபாவைத் தேடும். பென்டோனைட்டைக் கழிப்பறையில் கொட்டினால் ஊதிக்கொண்டு பைப்பை அடைக்கும். பிறாண்டத் தேங்காய்நார்க் கயிறு சுற்றிய தூண் வையுங்கள். பூனை முழு உடம்பையும் நீட்டி இழுக்க இரண்டரை அடியாவது உயரம் வேண்டும், ஆடக்கூடாது. ஆடும் தூணைப் பூனை தொடவே தொடாது.

மூன்றாவது வழி, விரட்டுவது. இதற்கு மதிப்பெண் குறைவுதான். ஆரஞ்சுத் தோலின் வாசம் ஓரிரு நாளில் போய்விடும். ஃபினைலும் பாச்சை உருண்டையும் பூனைக்கு விஷம். ஃபினைலில் உள்ள ஃபீனாலை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே போதும். அமோனியா கலந்த திரவத்தில் கேட்டைக் கழுவினால் அந்த வாடை சிறுநீரை நினைவூட்டி, மறுபடி அங்கேயே பீய்ச்ச வைக்கும். என்சைம் கிளீனர்தான் வாடையை வேரோடு எடுக்கும். இந்த வகையில் உருப்படியானது ஒன்று உண்டு: பூச்செடி மண்ணில் ஒரு அங்குலம் கீழே கோழிவலையை விரித்து மூடுவது. தோண்ட முடியாத மண்ணில் பூனை கழிக்காது. மணல் குவியலுக்குத் தார்ப்பாய். செலவை நீங்களே ஏற்றுக்கொண்டால் பக்கத்து வீட்டாரின் முகமும் மாறும்.

ஆகவே ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், அதோடு வலையும் சேரட்டும். வாடகை வீட்டில் சுவரில் துளை போட ஓனர் விடவில்லையா? ராத்திரியாவது உள்ளே வையுங்கள். பூனை சுறுசுறுப்பாகத் திரிவது அந்தி, விடியல் வேளைகளில். மதியச் சாப்பாட்டைக் குறைத்து, இருட்டுமுன் தினமும் ஒரே நேரத்தில் தட்டைத் தட்டிக் கூப்பிட்டு மீன் வைத்தால் பெரும்பாலும் தானே வந்துவிடும். சாப்பிடும்போது கதவைச் சாத்தி, நன்றாக விடிந்த பிறகு திறக்கலாம். வெளியே போகும் பூனைக்கு மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு வருடாவருடம். ஊசி போட்ட பூனையே பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கீறினாலும், 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி, ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போக வேண்டும். கூடவே ஊசிக் கார்டையும் எடுத்துப் போங்கள்.