ஓடிபி வரவில்லையா? எந்த வழி எவ்வளவு நேரம் காக்க வைக்கும்

சித்தப்பாவின் போன் தஞ்சாவூர் பஸ்ஸில் தொலைந்துபோனது. மதியமே கடைக்குப் போய் அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கி, வீட்டில் கிடந்த பழைய போனில் போட்டுவிட்டார். கால் வருகிறது, போகிறது. மின்னஞ்சலைத் திறக்கப் பார்த்தால் ஓடிபி மட்டும் வரவில்லை. ‘மறுபடி அனுப்பு’ என்பதைப் பன்னிரண்டு தடவை அழுத்தியிருக்கிறார். அதற்கு அப்புறம், முயற்சிகள் அதிகமாகிவிட்டன, பிறகு வாருங்கள் என்று கணக்கே கதவைச் சாத்திவிட்டது. ராத்திரி எனக்குப் போன் போட்டபோது குரல் உடைந்திருந்தது. “பத்து வருஷத்து மெயிலுடா, பேங்க் பேப்பரெல்லாம் அதுலதான் இருக்கு.”

விஷயம் சின்னது. இந்தியாவில் சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படும். நம் எண்ணுக்கு வேறொருவன் போலியாக சிம் வாங்கி ஓடிபியைச் சுருட்டிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கடையில் அதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சித்தப்பா சும்மா இருந்திருந்தால் மறுநாள் மதியம் வேலை முடிந்திருக்கும். அழுத்தி அழுத்தி இன்னொரு பூட்டையும் அவரே போட்டுக்கொண்டார்.

வீட்டுப் பெரியவர்களின் கணக்குகளைத் திறந்து கொடுப்பது எனக்கு ஏறக்குறைய பகுதிநேர வேலை மாதிரி ஆகிவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உள்ளே திரும்பிப் போகும் வழிகளை எது பாதுகாப்பானது என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதாது. கை நடுங்கும் நேரத்தில் அது நம்மை எவ்வளவு படுத்தும் என்பதையும் பார்க்க வேண்டும்.

எந்த வழிக்கும் போவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் செலவழியுங்கள். பாஸ்வேர்டு கட்டத்தில் கண் படம் ஒன்று இருக்கும், அதைத் தட்டி நீங்கள் அடித்ததைக் கண்ணால் பாருங்கள். போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கியிருக்கலாம். காப்பி செய்து ஒட்டியபோது கடைசியில் ஓர் இடைவெளி சேர்ந்து வந்திருக்கலாம். கணினியில் தமிழ் கீபோர்டு அப்படியே இருந்துவிடுவதும் உண்டு. வெளியே தெரிவது வெறும் புள்ளிகள் என்பதால் உள்ளே என்ன விழுந்தது என்று தெரியாது. பிரவுசர், போன மாதம் மாற்றிய பாஸ்வேர்டை விட்டுவிட்டு பழையதையே விசுவாசமாக நிரப்பிக்கொண்டிருக்கும். இன்காக்னிடோ ஜன்னலில் ஒருமுறை கையால் அடித்துப் பாருங்கள். என்னிடம் வரும் புகார்களில் பல இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

அதிலும் சரியாகவில்லை என்றால் முதலில் எல்லாரும் நம்புவது எஸ்எம்எஸ் ஓடிபியைத்தான். எல்லாருக்கும் தெரிந்தது, புதிதாக எதுவும் கற்க வேண்டாம், எண் நம் பெயரில் இருக்கும்வரை போன் உடைந்தாலும் கவலையில்லை. ஆனால் அவசரக்காரரை இந்த அளவுக்குத் தண்டிக்கும் வழி வேறு இல்லை. பெரும்பாலான இடங்களில் கடைசியாக அனுப்பிய ஓடிபிதான் செல்லும். நாம் மூன்று தடவை கேட்போம், முதல் எஸ்எம்எஸ் தாமதமாக வந்து சேரும், அதை ஆசையாக அடிப்போம், தவறு என்று வரும், மறுபடி கேட்போம். இது முடியவே முடியாத சுற்று. ஒருமுறை கேளுங்கள், போனை மேஜையில் வையுங்கள், ஐந்து நிமிடம் தொடாதீர்கள். எதுவும் வராவிட்டால் ஏர்பிளேன் மோடைப் போட்டு எடுத்துவிட்டு அப்புறம் இன்னொரு முறை கேளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதில் வேறொரு தலைவலி. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊர் எண்ணுக்கு ஓடிபி எதிர்பார்த்தால், அந்த சிம்மில் ரோமிங் செயலில் இருக்க வேண்டும், ரீசார்ஜும் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டாவது சிம்முக்கு எதற்கு தண்டச் செலவு என்று விட்டுவிட்டால் எண் ஒருநாள் கையைவிட்டுப் போகும். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது இங்குள்ள விதி. அதற்கு அப்புறம் உங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் போனில் சத்தமாக வந்து விழும்.

ஆதென்டிகேட்டர் ஆப் இதற்கு நேர் எதிர். சிக்னல் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், சிம்மே வேண்டாம். முதலில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி போனுக்குள் போய் உட்காருகிறது. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒரு ஆறு இலக்க எண்ணை ஆப் காட்டுகிறது. அந்தப் பக்கம் சர்வரும் இதே கணக்கைப் போடுகிறது. இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும்.

நேரம் முக்கியம் என்பதால் நம் ஊர் வழக்கம் ஒன்று இங்கே குறுக்கே வரும். அத்தை வீட்டில் எல்லாக் கடிகாரமும் பத்து நிமிடம் வேகமாக ஓடும், பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்பதற்காக. போனையும் அப்படியே வைத்திருந்தார். ஆப் காட்டிய ஒவ்வொரு எண்ணும் தவறு என்றே வந்தது. மூன்று நாள் அவர் அந்த ஆப்பைத் திட்டித் தீர்த்தார். நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றியதும் முதல் முயற்சியிலேயே திறந்தது. (பஸ்ஸுக்குச் சுவர்க்கடிகாரம் போதும் அத்தை என்று சொல்லியிருக்கிறேன்.)

காக்க வைப்பதில் ஆதென்டிகேட்டர் எஸ்எம்எஸ்ஸைவிட எவ்வளவோ மேல். ஆப் காட்டும் எண் மாறப்போகிறது என்றால் அடுத்தது வரும்வரை அரை நிமிடம், அவ்வளவுதான். ஆனால் போன் தொலைந்தால் சாவியும் அதோடு போகும். கூகுள் ஆதென்டிகேட்டரில் சாவிகளைக் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. அதை இயக்காமல் போன் மாற்றியவர்கள் பட்டபாடு எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன்.

பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கணினியிலோ சேமித்துவைக்கும் சாவி, அதைப் பற்றியும் கேட்பீர்கள். கைரேகை வைத்தால் போதும், பாஸ்வேர்டே வேண்டாம், போலித் தளத்தில் மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை. இரண்டு கருவி வைத்திருப்பவர்களுக்கு அருமை. ஒரே ஒரு போன் மட்டும் வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு அதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன்.

யாரும் மதிக்காத வழி ஒன்று உண்டு: காகிதம். கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் ஏற்பாட்டை) இயக்கினால் ‘பேக்கப் கோடு’ என்று பத்து எண்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் செல்லும். சிம் போனாலும் போன் போனாலும் அவை அப்படியே இருக்கும். கடிகாரம், டவர், ரீசார்ஜ் எதையும் நம்பியிருப்பதில்லை. புதிதாகப் பத்து எடுத்தால் பழைய பத்தும் செல்லாமல் போகும், அதை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும். என் ஓட்டு இதற்குத்தான். போன் இல்லாத நாளில் காத்திருக்கவே வைக்காத வழி இது ஒன்றுதான்.

பாஸ்வேர்டும் மறந்து மேலே சொன்ன எதுவும் கைவசம் இல்லை என்றால் மிச்சம் கணக்கு மீட்புப் படிவம். அதில் கேட்கும் கேள்விகளைத் தாண்டிப் போகாதீர்கள். தெரியாவிட்டாலும் உங்களால் முடிந்த பதிலைக் கொடுங்கள். வழக்கமாக உள்ளே போன அதே கணினி, அதே பிரவுசர், அதே வீட்டிலிருந்து முயலுங்கள். பிரவுசிங் சென்டருக்கு ஓடினால் பழக்கமில்லாத இடத்திலிருந்து யாரோ கேட்பதாகத்தான் அந்தப் பக்கம் தெரியும். முடிவு தெரிய சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். காத்திருக்கச் சொல்லும்போது திரும்பத் திரும்பப் படிவம் போடுவது, சித்தப்பா பன்னிரண்டு தடவை பொத்தானை அழுத்திய கதைதான். இன்னொன்று: கூகுளில் மீட்பு எண்ணை மாற்றினாலும் ஏழு நாள் வரை பழைய எண்ணுக்கே கோடு அனுப்பும் வாய்ப்பைத் தரக்கூடும். திருடன் எண்ணை மாற்றிவிட்டான் என்று தெரிந்தால் அந்த ஏழு நாளுக்குள் முயலுங்கள்.

கடைசியாக, கஸ்டமர் கேர். தேடலில் கிடைக்கும் எண்ணுக்குப் போன் செய்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அங்கே உடனே எடுப்பார்கள், மரியாதையாகப் பேசுவார்கள், திரையைப் பகிரும் ஆப் ஒன்றைப் போடச் சொல்வார்கள். அதற்கு அப்புறம் நீங்கள் 1930க்கு, அதாவது சைபர் குற்ற உதவி எண்ணுக்கு, போன் செய்ய வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கு பூட்டிக்கொண்டால் பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறத்திலோ இருக்கும் எண், இல்லையென்றால் நேரே கிளை.

சித்தப்பாவுக்கு மூன்றாவது நாள் காலையில் ஓடிபி ஒரே தடவையில் வந்தது. நான் சொன்னபடி இரண்டு நாள் அவர் எதையும் தொடவில்லை, அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சித்திதான் சொன்னார். அன்றைக்கே பத்து எண்களையும் எழுதி வாங்கிக்கொண்டார், ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தார்.

“யாராவது எடுத்துட்டா?”

“பாஸ்வேர்டு தெரியாம இதை வெச்சு உள்ள போக முடியாது சித்தப்பா. ரெண்டையும் ஒரே இடத்துல மட்டும் வெக்காதீங்க.”

உறையைத் திறந்து, அதே தாளின் பின்பக்கம் எழுதியிருந்த பாஸ்வேர்டைக் கிழித்தெடுத்தார்.