பிறர் வீட்டுப் பூனைக்கு உதவ முன்வருவோர் கவனத்திற்கு: ‘மீட்பு’ என்ற பெயரில் நடந்த ஒரு வசூல்

சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில், கவனிப்பாரற்ற வளர்ப்புப் பூனைகளை மீட்டுச் சிகிச்சை அளிப்பதாகச் சொல்லி இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தை நடத்திவரும் ஒருவரிடம், நானும் என் குடியிருப்பைச் சேர்ந்த சிலரும் பணத்தை இழந்திருக்கிறோம். புகார் நிலுவையில் இருப்பதால் அந்தப் பக்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இராது. பெயரை அவர் ஏற்கெனவே மாற்றிவிட்டார். எனவே, அவர் வேலை செய்யும் முறையை மட்டும் விவரிக்கிறேன். அந்த முறை முழுவதும் ஒரே ஒரு பலவீனத்தை நம்பி நிற்கிறது: பூனை உங்களுடையது அல்ல. உங்களுடையது அல்லாத பூனைக்காக நீங்கள் பணம் கொடுத்தால், அந்தப் பூனை எங்கே போனது என்று உரிமையாளராக நின்று கேட்க உங்களால் முடியாது என்பதை அவர் நம்மைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்.

எங்கள் எதிர் பிளாக்கின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தின் பெர்ஷியன் ஆண் பூனை அது. மகள் கேட்டாள் என்று வாங்கியிருக்கிறார்கள். மகள் விடுதியில் தங்கிப் படிக்கச் சென்ற பிறகு, வீட்டில் வயதான மாமியார் படுக்கையில் விழ, பூனை சர்வீஸ் பால்கனிக்கு மாற்றப்பட்டது. அதற்குப் பட்டு என்று பெயர். பெர்ஷியன் பூனையின் முடியை அநேகமாகத் தினமும் சீவிவிட வேண்டும். சீவாமல் விட்டால் அக்குளிலும் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் சிக்கு விழுந்து, நாளடைவில் அது கெட்டியான சடையாகி, பூனை காலை நீட்டும்போதெல்லாம் தோலைப் பிடித்து இழுக்கும். பட்டுவுக்கு அந்த நிலைதான் வந்திருந்தது. காதுக்குள் காப்பித்தூள் நிறத்தில் அழுக்கு அடைந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மிஞ்சிய தயிர்ச்சாதத்தைத் தவிர வேறு எதுவும் கிண்ணத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. இறைச்சி உண்ணியான பூனைக்கு அது உணவே ஆகாது. அந்த அம்மையாரிடம் சொன்னபோது கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்களே டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்களேன், நாங்க வேண்டாம்னா சொல்றோம்?” என்றார். அந்த வாய்வார்த்தைதான் பின்னால் எல்லாச் சிக்கலுக்கும் இடம் கொடுத்தது.

நான் முதலில் தொடர்புகொண்ட காப்பகங்கள், உரிமையாளர் இருக்கும் விலங்கை அவருடைய கையெழுத்து இல்லாமல் எடுத்துச் செல்ல முடியாது என்று ஒரே மாதிரியான பதிலைத்தான் தந்தன. கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றினாலும் அதுதான் சரியான பதில். சட்டத்தின் பார்வையில் வளர்ப்பு விலங்கு ஓர் அசையும் சொத்து. உரிமையாளரின் சம்மதமின்றி எடுத்தால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் திருட்டுப் புகாருக்கு இடமுண்டு. மறுபுறம், ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா தொடங்கிவைத்த முயற்சியின் பயனாகப் பிறந்த 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், தன் விலங்குக்குப் போதிய உணவும் நீரும் இடமும் கொடுக்காமலிருப்பதை 11ஆம் பிரிவில் குற்றம் என்றே சொல்கிறது. ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இன்றைக்கு இரண்டு பேர் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டால் அதைவிடக் கூடுதலாகும். அக்கம்பக்கத்தாரால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவும் முடியாமல், தலையிடவும் முடியாமல் இருக்கும் இந்த இடைவெளியில்தான் நான் சொல்லும் நபர் கடை விரித்திருக்கிறார்.

எங்கள் வட்டார முகநூல் குழு ஒன்றில் நான் உதவி கேட்டு எழுதியதைப் பார்த்துவிட்டு அவரே இன்பாக்ஸில் வந்தார். “அக்கா, ஓனர் லெட்டர் எல்லாம் பெரிய என்ஜிஓகாரங்க தட்டிக்கழிக்கச் சொல்ற சாக்கு. நம்ம டீம் பாத்துக்கும், நீங்க கவலைப்படாதீங்க. வண்டிக்கும் ஆஸ்பத்திரி அட்வான்ஸுக்கும் மட்டும் போட்டு விடுங்க” என்றார். அதற்கு முன் அவர் கேட்ட கேள்விகள் இரண்டு: பூனை ஆணா, கருத்தடை ஆகிவிட்டதா. உடல்நிலை பற்றிய விசாரணையாகத்தான் அப்போது அது தோன்றியது. எவருக்கும் அப்படித்தான் தோன்றும். 4,500 ரூபாய் ஜிபேயில் போனது. பெற்றுக்கொண்ட கணக்கு ஒரு தனிநபருடையது. அந்தப் பெயரும் அவர் தமக்குச் சொல்லிக்கொண்ட பெயர் அல்ல. கேட்டதற்கு, டிரஸ்ட் பதிவு நடந்துகொண்டிருப்பதாகவும் அதுவரை அண்ணன் கணக்கில் வாங்குவதாகவும் விளக்கம் வந்தது.

பூனையை எடுக்க வந்தபோது அவர் கையில் பூனைகளைக் கொண்டுசெல்லும் கேரியர் கிடையாது. கோயம்பேட்டில் பழம் அடுக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை ஒன்றன்மீது ஒன்றாகக் கவிழ்த்து, நைலான் கயிற்றால் கட்டி, பைக்கின் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு போனார். விண்ணப்பம், ரசீது, கையெழுத்து எதுவும் கிடையாது. ஆனால், வீட்டு அம்மையாரின் கைப்பேசி எண்ணை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எஃப்.ஐ.பி. என்ற பெயர். பூனைகளுக்கு வரும் கொரோனா வகை வைரஸ் ஒன்றால் உண்டாகி, பூனை வளர்ப்பவர்களைக் கலங்கடிக்கும் நோய் அது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அநேகமாக உயிர் தப்பாத நோய் என்றே கருதப்பட்டது. ஜிஎஸ்-441524 என்ற மருந்து வந்த பிறகு பிழைக்கும் பூனைகள் ஏராளம் என்றாலும், வழக்கமான சிகிச்சை 84 நாட்கள் நீளும், செலவும் அதிகம். மோசடி செய்பவருக்கு இதைவிட வசதியான நோய் கிடைக்காது: பெயரைக் கேட்டதும் பயம் வரும், மருந்து சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காததால் விலையைச் சரிபார்க்க முடியாது, சிகிச்சை மாதக்கணக்கில் போவதால் வாரா வாரம் பணம் கேட்கலாம். அவர் வாரத்துக்கு 7,000 ரூபாய் கேட்டார். குடியிருப்பில் நாங்கள் சிலர் பங்கு போட்டு முதல் தவணையை அனுப்பினோம். ஆதாரமாக ஒரு பரிசோதனை அறிக்கையின் படத்தை அனுப்பினார். அதில் இனம் என்ற இடத்தில் நாட்டுப் பூனை என்றும், பால் என்ற இடத்தில் பெண் என்றும் இருந்தது. லேப்காரர்கள் தவறாக அடித்துவிட்டதாகச் சொன்னார்.

அந்தப் படத்தை வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு மருத்துவரிடம் காட்டியபோது, பூனையே வேறாக இருக்கலாம் என்பதோடு, அறிக்கையிலிருந்த பரிசோதனையால் இந்த நோயை உறுதி செய்யவே முடியாது என்று விளக்கினார். பூனை எப்போதாவது அந்தக் கொரோனா வகை வைரஸை எதிர்கொண்டிருக்கிறதா என்பதை மட்டுமே அந்த எதிர்ப்பொருள் சோதனை காட்டும். பல பூனைகள் சேர்ந்து வளரும் இடங்களில் அந்த வைரஸ் சர்வசாதாரணம், அவற்றில் சிறுபான்மைக்கே எஃப்.ஐ.பி. வரும். காய்ச்சல், எடைக் குறைவு, வயிற்றிலோ மார்பிலோ சேரும் நீர், இரத்தத்தில் அல்புமின், குளோபுலின் என்ற புரதங்களுக்கு இடையே உள்ள விகிதம் (ஏ-ஜி விகிதம்), சேர்ந்த நீரில் செய்யும் பிசிஆர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வருவார்களாம். அந்த ஏ-ஜி விகிதம் 0.8க்கு மேல் இருந்தால் நோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்களிடம் யாராவது இந்த நோயின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால், இரத்தப் பரிசோதனையில் ஏ-ஜி விகிதம் என்ன என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது, “அதெல்லாம் டாக்டர் சீக்ரெட்க்கா” என்று பதில் வந்தது.

இதற்கிடையில், அதே பக்கத்தில் பட்டுவின் காணொளி ஒன்று வெளியாகியிருப்பதை என் உறவுப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டு அனுப்பினாள். குப்பைத்தொட்டியில் வீசப்பட்ட குழந்தை என்று தலைப்பு; பின்னணியில் சோக இசை; கீழே நன்கொடைக்கான க்யூஆர் குறியீடு. பின்புறம் தெரிந்த சுவர் எங்கள் பிளாக்கின் பச்சை நிறப் படிக்கட்டுச் சுவர். அதாவது கிரேட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் படமும் எடுத்திருக்கிறார். அந்த அம்மையாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட நான் மறுத்துவிட்டதாகவும், அவரே கட்டாவிட்டால் மிருகவதை வழக்கில் ஐந்து ஆண்டு சிறை என்றும் மிரட்டி 6,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். ஐந்து ஆண்டு என்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் சொல்லப்பட்ட உச்சபட்சத் தண்டனை. முடி சீவாமல் விட்டதற்கு அது பொருந்தாது. பயந்துபோன மனிதருக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாமலிருந்தது அவருக்கு எத்தனை வசதியாக இருந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே பூனையை வைத்து மூன்று பக்கமும் வசூல்.

நான்காவது பக்கம் ஒன்றும் இருந்தது. பழைய பொருட்களை விற்கும் ஒரு தளத்தில், “பெர்ஷியன் மேல், செமி பஞ்ச் ஃபேஸ், டிரிபிள் கோட், பிரீடிங்குக்கு ரெடி, வெயிலுக்காக டிரிம் செய்தது” என்று 15,000 ரூபாய்க்கு விளம்பரம் வந்திருந்தது. மழித்த உடம்போடு இருந்த அந்தப் பூனையின் இடது காது நுனியில் பட்டுவுக்கு இருந்த அதே பழைய வெட்டு. எங்களுக்கு அவர் அனுப்பிய, சலைன் ஏறும் பூனையின் படத்தில் கண்கள் நீலம். விளம்பரத்தில் இருந்ததற்குப் பட்டுவைப் போலவே செம்பு நிறக் கண்கள். முதல் நாளில் ஆணா, கருத்தடை ஆகிவிட்டதா என்று ஏன் கேட்டார் என்பதும் அப்போது விளங்கிவிட்டது.

காவல் நிலையத்தில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, பூனை யாருடையது என்பதுதான். பணத்தைப் பற்றி நான் புகார் தரலாம், பூனையைப் பற்றித் தர முடியாது என்றார்கள். அந்த அம்மையார் தயங்கினார்; தம்மையே குற்றவாளியாக்கிவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு. மகளுக்காக வாங்கியபோது கிடைத்த ரசீதையும் தடுப்பூசி அட்டையையும் தேடி எடுத்துக்கொண்டு அவர் வந்து கையெழுத்திட்ட பிறகே, நம்பிக்கை மோசடிக்கும் ஏமாற்றுக்கும் உரிய, அதே சன்ஹிதாவின் 316, 318ஆம் பிரிவுகளைப் பற்றிய பேச்சே எழுந்தது. நிலையத்திலிருந்து ஒரு அழைப்பு போனதும், அன்றிரவே அதே நீலக் கிரேட்டில் பட்டு எங்கள் வாட்ச்மேன் அறை வாசலுக்கு வந்து சேர்ந்தது. வேப்பேரியில் பரிசோதித்ததில் எஃப்.ஐ.பி.க்கு ஓர் அறிகுறியும் இல்லை. காதில் உண்ணி, பல்லில் காரை, எடை குறைவு, அவசரமாக மழித்ததில் அக்குளில் ஒரு வெட்டுக்காயம், அவ்வளவுதான். சடை விழுந்த இடத்தில் பூனையின் தோல் மெலிந்து மேலெழும்பி நிற்குமாம். அங்கே கத்தரிக்கோல் வைத்தால் முடிக்குப் பதிலாகத் தோல்தான் வெட்டுப்படும், கிளிப்பர் கொண்டே எடுக்க வேண்டும் என்று மருத்துவர் கடிந்துகொண்டார்.

இப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள், பூனையைத் தொடுவதற்கு முன்பே உரிமையாளரிடம் அரைப்பக்கக் கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பூனையின் அடையாளங்கள், எந்த மருத்துவமனைக்கு யார் கொண்டுசெல்கிறார், சிகிச்சைக்குப் பின் பூனை யாரிடம் திரும்ப வரவேண்டும், செலவு யாருடையது ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். வளர்க்க விருப்பமில்லை என்றால், இன்னாரிடம் முழுமையாக ஒப்படைக்கிறேன் என்று எழுதி வாங்கலாம். தராமல் மறுக்கிறார் என்றால், உங்களுக்கான வழி புகார்தானே தவிர இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு போவது அல்ல. பூனையை மீட்பதாகச் சொல்பவர் கையில் பணத்தைக் கொடுக்காமல் மருத்துவமனையின் கவுன்டரிலேயே கட்டுங்கள். சீட்டில் மருத்துவரின் பெயரும் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அமைப்பு என்று சொல்லிக்கொள்பவரிடம், கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா, இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் உண்டா, ரசீது தருவார்களா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உண்மையாக உழைக்கும் அமைப்புகள் இந்தக் கேள்விகளுக்குப் பழகியவை, யாரும் முகம் சுளிப்பதில்லை.

பட்டு மறுபடி அதே வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. எனக்கு அதில் முழு மனநிறைவு இல்லை. உணவு மாறியிருக்கிறது, பால்கனியில் நிழலுக்கு ஒரு சாக்குத் திரை வந்திருக்கிறது. ஞாயிறுதோறும் சீவிவிட எனக்கு அனுமதி உண்டு, அதையும் எழுத்தில் வாங்கியிருக்கிறேன். எங்கள் பணம் இதுவரை திரும்பவில்லை. குப்பைத்தொட்டிப் பூனை என்ற அந்தக் காணொளியை நம்பி நீங்களோ உங்கள் நண்பர்களோ நன்கொடை அனுப்பியிருந்தால், 50 ரூபாயாக இருந்தாலும், பரிவர்த்தனை எண்ணோடு கூடிய திரைப்பதிவை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ பதிவு செய்யுங்கள். காணொளியை அவர் நீக்கிவிட்ட நிலையில், ஒரே கணக்குக்குப் பலர் பணம் அனுப்பியிருக்கிறார்கள் என்பதைக் காட்டப் புலனாய்வு அதிகாரி எங்களிடம் கேட்டிருப்பது இந்தப் பதிவுகளைத்தான்.