டிசெப்ஷனும் ஏமாற்றும்

ஆங்கில 'டிசெப்ஷன்' லத்தீனின் 'கபேரே'யிலிருந்து வந்தது, பொருள், பிடித்தல். கைதியைக் குறிக்கும் 'கேப்டிவ்' அதே வேரின் பிள்ளைதான். ஆக, அந்தச் சொல்லின் கண் வலை விரித்தவன் மேல்.

தமிழ் 'ஏமாற்று' மாட்டிக்கொண்டவரிடமிருந்து தொடங்குகிறது. 'ஏமாறு' முதலில்; றகரம் இரட்டித்த பிறகே 'ஏமாற்று' என்ற பிறவினை. அதனால்தானோ என்னவோ, 'ஏமாற்றம்' மோசடியையும் குறிக்கும், எதிர்பார்த்தது கிடைக்காத வருத்தத்தையும் குறிக்கும். வானம் கறுத்தும் மழை வராவிட்டால் நாம் ஏமாந்துதான் போகிறோம், ஏய்த்தவர் யாருமில்லை! 'டிசெப்ஷன்' என்றால் பெரும்பாலும் ஓர் ஆள் வேண்டும். எனக்குத் தமிழ்ச் சொல்லே ஆழமாகப் படுகிறது.

ஏய்ப்பவனின் உள்நோக்கத்தைச் சொல்ல நம்மிடம் தனியாக 'வஞ்சம்' இருக்கிறது. புகழ்வதுபோல் இகழும் அணிக்குக்கூட வஞ்சப்புகழ்ச்சி என்றுதானே பெயர்.