துருத்திக்கு வச்சிரப்பசை: பினாங்கு ஈரத்தில் எப்படி ஒட்டுவது?

காகிதச் சுருள் ஓடித் தானாக வாசிக்கும் பழைய ரீட் ஆர்கன்கள் (உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிப்பவை), ஏயோலியன் போன்ற அமெரிக்கக் கருவிகள், பெரும்பாலும் துருத்தியால் காற்றை ஊதுவதில்லை, உறிஞ்சுகின்றன. ஒரு மூலை கசிந்தாலே ஒலி முழுவதும் தொய்ந்துவிடும். துருத்தித் துணி ஒட்ட, 192 கிராம் வலிமை (உறைந்த பசையின் உறுதியைக் காட்டும் அளவு) என்று குறித்து விற்கும் வச்சிரப்பசைக் குருணையை, அதாவது விலங்குத் தோல் பசையை, நம்பி வாங்கலாம்.

ஒரு பங்கு குருணைக்கு எடையில் இரண்டு பங்கு குளிர்ந்த நீர். ஊறி உப்பியதும் வெந்நீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை வைத்து 60 டிகிரியில் உருக்க வேண்டும். கொதித்தால் பிடிப்பு போய்விடும். சீக்கிரம் உறைகிறது என்பது இதன் மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குறை. ஜார்ஜ் டவுன் வெப்பத்தில், விசிறியையும் ஏர்கோனையும் அணைத்துவிட்டால், நிதானமாகத் துணியை இழுத்து ஒட்ட அவகாசம் கிடைக்கிறது. 251 கிராம் வலிமை உள்ளது இன்னும் வேகமாக இறுகும், பெரிய துருத்திக்கு வேண்டாம். மழைக்காலத்தில் உலர்வது மெதுவாகும். மீந்த பசையை வெளியே விட்டால் நாறும், குளிர்பெட்டியில் வையுங்கள்.

ஹார்ட்வேர் கடை வெள்ளைப் பசை எளிதுதான், ஆனால் மரத்துளைகளில் இறங்கிவிடும். அடுத்த முறை துணியோடு மரமும் பிய்ந்து வரும், அதன் மேல் வேறு பசையும் சரியாகப் பிடிக்காது. சிலிக்கோன் அதைவிட மோசம். வச்சிரப்பசையோ, பிரிக்க வேண்டும்போது சூடும் ஈரமும் சேர்த்துக் காட்டினால் விட்டுக்கொடுக்கும்; நூறாண்டுக் கருவிக்கு இந்தக் குணம்தான் முக்கியம். துணியும் ரப்பர் பூசிய பருத்தியாக இருக்கட்டும். சோபாவுக்குப் போடும் பிளாஸ்டிக் தோல் மடிப்பில் வெடிக்கும்.

ஒட்டுமுன் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா ஸ்டாப்பையும் (ஒலிவரிசையைத் திறந்து மூடும் குமிழ்களை) மூடி, மிதித்து, மூட்டுகளின் அருகே ஊதுபத்தி காட்டினால் கசியும் இடத்தில் புகை உள்ளே இழுபடும். நெருப்பு பழைய துணியில் படக்கூடாது. சுருள் ஓடும் பித்தளைப் பட்டையின் துளைகளை நாடாவால் மூடிய பின்னும் ஒரு சுரம் ஒலித்தால், அதன் குழாயை வால்வுப் பக்கத்தில் கழற்றி, அது செருகியிருந்த முனையை அடைத்துப் பாருங்கள். நின்றால் குழாயில் ஓட்டை. நிற்காவிட்டால் அந்தச் சுரத்தின் காற்றுவழியை மூடும் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது வால்வைத் தூக்கும் மெல்லிய தோல் சவ்வுக்கடியில் சேரும் காற்றை வெளியேற்றும் நுண்துளை தூசியால் அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யலாம், பெரிதாக்கக் கூடாது. புதிய சவ்வுத் தோலுக்கு விளிம்பில் மட்டும் பசை. நடுவில் பட்டால் விறைத்துவிடும்.

பஜனை ஹார்மோனியத்தின் துருத்திக்கும் இதே பசை பொருந்தும். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது என்பதால், பூஜை அறையில் இருக்கும் கருவி என்றால் உரிமையாளரிடம் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே ஒட்டுங்கள்.