போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளில் துல்லிய வேலை: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளைத் துல்லியமாக்கித் தரச் சொன்னால் கன்ஸ்மித்தின் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரின்) விலைப்பட்டியலில் வழக்கமாக ஆறு வேலைகள் வரும்: பெடிங் (ரிசீவரும் போல்ட்டும் சேர்ந்த ஆக்‌ஷன், ஸ்டாக் எனும் கட்டையில் அசையாமல் உட்கார எபாக்சிப் பசையில் படுக்கை வார்ப்பது), ஃப்ரீ ஃப்ளோட் (பேரல், அதாவது குழல், ஸ்டாக்கைத் தொடாமல் விடுவது), கிரவுன் (பேரல் வாயின் விளிம்பைச் சீராக்குவது), டிரிகர் (விசை), ஆக்‌ஷன் ட்ரூயிங், புதுப் பேரல். எல்லாவற்றையும் செய்துகொண்டால் செலவு பல சமயம் துப்பாக்கி வாங்கிய விலையையே தாண்டிவிடும். ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்ல முடிவது இதுதான்: பெடிங்கும் நல்ல பேரலும் போட்ட காசைத் திருப்பித் தரும்; பழைய பேரலை வைத்துக்கொண்டே செய்யும் ட்ரூயிங் பெரும்பாலும் வீண்.

கொடுக்கும் முன் துப்பாக்கியின் இப்போதைய நிலையை அளந்து வையுங்கள். மூன்று தோட்டா குரூப்பை (இலக்கில் துளைகள் விழுந்த பரவலை) நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. இப்போது அரை அங்குலம் வந்த துப்பாக்கி அடுத்த மூன்றில் ஒன்றரை அங்குலம் காட்டும். இரண்டுமே அதன் இயல்புதான். ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) தோட்டாவில் பத்துப் பத்தாக இரண்டு குரூப், நடுவில் பேரல் ஆற நேரம் கொடுத்து. இந்த அளவு கையில் இருந்தால்தான் வேலை முடிந்து வந்த பின் ஒப்பிட முடியும்.

காசே செலவாகாத பழுதுகளை முதலில் தேட வேண்டும். ஸ்கோப் பேஸ் திருகுகள் தளர்ந்திருப்பது, ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் சரியாகப் பிடிக்காதது, பேரலுக்குள் செம்பு படிந்து கிடப்பது. இந்த மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு பெடிங்குக்குக் கொடுப்பவர்கள் நிறைய. ஆக்‌ஷன் திருகுகளுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் சாவி) கட்டாயம்: அலுமினியப் பில்லரோ (திருகைச் சுற்றி நிற்கும் குழாய்) பிளாக்கோ உள்ள ஸ்டாக்கில் வழக்கமாக 65 அங்குல-பவுண்டு வரை போகலாம், பில்லர் இல்லாத வெறும் மரத்தில் 35 முதல் 45 போதும், அதற்கு மேல் போனால் மரம் நசுங்கும். இங்கே ஒளிந்திருக்கும் இன்னொரு கோளாறு மேகசின் பெட்டி. அது ரிசீவருக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவில் இறுகிவிட்டால் திருகு இறுகியதாகத்தான் ரெஞ்ச் காட்டும், ஆனால் ஆக்‌ஷன் ஸ்டாக்கில் சரியாக உட்கார்ந்திருக்காது. பெட்டியை விரலால் அசைத்தால் இம்மியளவாவது ஆட வேண்டும்.

பெடிங் தேவையா என்பதை ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) சொல்லிவிடும். துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு நிறுத்தி, கேஜின் காந்தக் காலைப் பேரலில் ஒட்டி, முள்ளை ஸ்டாக்கின் முன்நுனியில் தொட வையுங்கள். முன் திருகை மெல்லத் தளர்த்தி மீண்டும் இறுக்குங்கள். முள் 0.002 அங்குலத்துக்குள் நின்றால் படுக்கை நன்றாக இருக்கிறது, பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஓடினால், திருகை இறுக்கும்போதெல்லாம் ரிசீவர் வளைகிறது என்று பொருள்.

பெடிங்கில் கைவேலை சில மணி நேரம்தான். எபாக்சி இறுக 24 மணி நேரம் விட வேண்டும் என்பதால் துப்பாக்கி சில நாட்கள் அங்கேயே இருக்கும். செலவு, பேரல் மாற்றும் மொத்தச் செலவில் தோராயமாகக் கால் பங்கு. ரிகாயில் லக் (ரிசீவரின் முன்பக்க அடியில் நீளும் எஃகுத் துண்டு) உட்காரும் குழியைச் சுற்றி 2 முதல் 3 மி.மீ. செதுக்கி, முன்னும் பின்னும் அலுமினியப் பில்லர் வைப்பார்கள். லக்கின் முன்முகம், இரு பக்கம், அடிப்பகுதி ஆகியவற்றில் டேப் ஒட்டப்படும். பின்முகம் மட்டும் வெறுமையாக விடப்படும், ஏனென்றால் உதைப்பைத் தாங்குவது அதுதான். ரிசீவரின் ஓட்டைகளையும் பள்ளங்களையும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்து, எபாக்சி படக்கூடிய எல்லா இடத்திலும், திருகுகளின் மரையிலும் சேர்த்து, ரிலீஸ் ஏஜென்ட் (ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) பூச வேண்டும். நிறமில்லாத ஷூ பாலிஷே இதற்குப் போதும். பிறகு டெவ்கான் ஸ்டீல் புட்டி அல்லது மரைன்-டெக்ஸ் எபாக்சியைக் குமிழி வராமல் கலந்து நிரப்பி, ஆக்‌ஷனை அதன் எடையிலேயே இறக்க வேண்டும். பிடித்து நிறுத்தத் தலையில்லாத வழிகாட்டித் திருகும் சில சுற்று டேப்பும் போதும். இந்தக் கட்டத்தில் திருகை முறுக்கி இறுக்குபவர், வளைந்த ரிசீவருக்கு ஏற்ப வளைந்த படுக்கையை வார்த்துத் தருகிறார். பார்க்க அழகாக இருக்கும், டயல் கேஜ் முள் பழையபடியே ஓடும்.

அடுத்து அதிகம் நடக்கும் தவறு, திருகு துளையின் சுவரைத் தொடுவது. எபாக்சி இறுகியபின் துளையைச் சற்றுப் பெரிதாக்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் லக்குக்குப் பதிலாகத் திருகு உதைப்பை வாங்கும். ரிலீஸ் ஏஜென்ட் ஓரிடத்தில் விட்டுப்போய் ஆக்‌ஷன் ஒட்டிக்கொண்டால் சுத்தியலை எடுக்க வேண்டாம். சில மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் எஃகு சுருங்கிப் பல நேரம் தானே விடும்.

ஃப்ரீ ஃப்ளோட் பெரும்பாலும் பெடிங்கோடு சேர்ந்தே முடிந்துவிடும்: பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் தடித்த காகிதம் தடையில்லாமல் ஓட வேண்டும். ஆனால் முழுக் கட்டை கொண்ட லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 போன்ற பழைய ராணுவ ரைஃபிளில் இதைச் செய்யக் கூடாது. முன்நுனியில் கட்டை பேரலைச் சில பவுண்டு விசையோடு மேலே தாங்கும்படிதான் அது அமைக்கப்பட்டது. அந்தத் தாங்கலைச் செதுக்கி எறிந்தால் குரூப் விரியும்.

கிரவுன் வேலை மலிவு, சீக்கிரம் முடியும். பஞ்சுக் குச்சியை வாய்க்குள் விட்டு வெளியே இழுங்கள். ஓரிடத்தில் இழை சிக்கினால் அங்கே பிசிர் இருக்கிறது. டிரிகர் மாற்றினால் துப்பாக்கியின் துல்லியம் கூடாது, சுடுபவரின் கை சீராகும். பழைய டிரிகரைத் தேய்த்துக் குறைப்பதைவிட நல்ல தயாரிப்பாக மாற்றுவதே பாதுகாப்பு.

இப்போது ட்ரூயிங். ரிசீவரின் முகம், உள்ளே போல்ட் லக் (போல்ட்டைப் பூட்டும் புடைப்பு) உட்காரும் இடம், மரை, போல்ட் முகம், இவை எல்லாம் ஒரே அச்சில் வரும்படி லேத்தில் கடைவதுதான் இது. ரிசீவர் முகத்தைக் கடைந்தால் பேரல் உள்ளே போகும், ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும், தோட்டா உட்காரும் அறையான சேம்பரில் கேஸ் நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) குறையும். லக்குகளைக் கடைந்தால் போல்ட் பின்னே நகரும், ஹெட்ஸ்பேஸ் கூடும். ஆக, எதைத் தொட்டாலும் பேரலைக் கழற்றித் தோளையும் சேம்பரையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பைச் சாதாரணத் தொழிற்சாலைப் பேரலில் கொட்டுவது நியாயமில்லை. போல்ட் லக்குகளை லேப்பிங் பேஸ்ட்டில் (உரசும் பசையில்) தேய்த்துப் பொருத்துவதும் அளவோடு நிற்க வேண்டும்; அதிகம் தேய்த்தால் மேற்பரப்பின் கடினத்தன்மையே போய்விடும்.

புதுப் பேரலோடு செய்தால் ட்ரூயிங்குக்கு அர்த்தம் உண்டு, கூடுதல் கூலியும் குறையும். பிளாங்க் (சேம்பர் போடாத பேரல்) 4140 எஃகா 416ஆர் ஸ்டெயின்லெஸ்ஸா என்பதைவிட, உள்துளை கையால் லேப் செய்யப்பட்டதா (உரசி மெருகேற்றப்பட்டதா) என்பதைக் கேளுங்கள். ரைஃப்ளிங் என்பது உள்துளையின் சுழல் பள்ளங்கள். க்ரீகர், பார்ட்லைன் நிறுவனங்களுடையது வெட்டிய ரைஃப்ளிங். ஷிலன், லில்ஜா நிறுவனங்களுடையது பட்டன் ரைஃப்ளிங் (கடினக் குமிழால் அழுத்தி உருவாக்குவது). இரண்டிலும் போட்டிகளில் வெற்றி பெற்ற பேரல்கள் உண்டு. பிளாங்கின் விலையும் அதை மரை வெட்டி, சேம்பர் போட்டு, கிரவுன் செய்யும் கூலியும் ஏறக்குறைய சமமாக வரும். அந்தக் கூலியின் மதிப்பு, உள்துளையை லேத்தில் எவ்வளவு நேராக நிறுத்துகிறார் என்பதில் இருக்கிறது. வெளிப்பக்கத்தைப் பிடித்துச் சுழற்றிவிட்டுச் சேம்பர் போடுபவரிடம் போக வேண்டாம். பேரலின் வெளிவட்டமும் உள்துளையும் ஒரே மையத்தில் இருக்காது. டயல் முள் துளைக்குள் 0.0005 அங்குலத்துக்குள் ஆடும்வரை நிறுத்துபவரே வேண்டும். ரெமிங்டன் 700 என்றால், பேரலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் வாஷர்போல் இருக்கும் ரிகாயில் லக்கை, இருபக்கமும் இணையாக அரைத்த தடித்த லக்காக மாற்றிவிடுவது நல்லது. சாவேஜ் வகையில் பேரல் நட் இருப்பதால் முன்பே சேம்பர் போட்ட பேரலை லேத் இல்லாமலே மாற்றலாம். ஹெட்ஸ்பேஸைச் சரிபார்க்கும் கோ, நோ-கோ கேஜ்கள் மட்டும் தவறக் கூடாது.

பேரல் தேயும் பொருள். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான பேரல் 5,000 ரவுண்டு அளவுக்குத் தாங்கும், 6.5 கிரீட்மோர் 2,000 முதல் 3,000. அத்தனை ரவுண்டுக்கான தோட்டாச் செலவோடு பார்த்தால் பேரல் விலை சிறு பங்குதான். தொண்டை (சேம்பரை அடுத்து ரைஃப்ளிங் தொடங்கும் இடம்) அரிக்கும்போது குரூப் ஒரே நாளில் கெடாது. காரணம் தெரியாத விலகல்கள் அங்கங்கே வரத் தொடங்கும். அந்த நேரத்தில் பின்முனையை வெட்டி மறுபடி சேம்பர் போட்டால் மேலும் கொஞ்ச காலம் ஓடும், ஆனால் புதுப் பேரலுக்கு இணையான ஆயுள் வராது. பெடிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் லக் குழியில் வடியும் எண்ணெயும் சால்வெண்டும். சுத்தம் செய்யும்போது வாய்ப்பக்கம் கீழே சாய்ந்திருக்கட்டும்.

உரிமம் பெற்ற கன்ஸ்மித்திடம் மட்டுமே கொடுங்கள். சி.ஐ.பி. (துப்பாக்கிச் சோதனைக்கான சர்வதேச அமைப்பு) உறுப்பு நாடுகளில் பேரல் மாற்றிய துப்பாக்கிக்குப் புரூஃப் சோதனையும் (கூடுதல் அழுத்தத் தோட்டாவில் சுட்டுப் பார்ப்பது) வேண்டும். அந்தச் செலவையும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது சேம்பர் ரீமரின் (சேம்பரை வெட்டும் கருவியின்) வரைபட நகல், வைத்த ஹெட்ஸ்பேஸ் அளவு, அந்தச் சேம்பரில் சுட்ட இரண்டு கேஸ்கள் (வெற்றுத் தோட்டாக் கூடுகள்), கழற்றிய பழைய பேரல் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த பேரலுக்கும் அதே ரீமரில் சேம்பர் போட்டால் ரீலோடிங் டைகளை (கேஸை மறுபடி தோட்டாவாக்கும் அச்சுகளை)ப் பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்காது.