பாட்டிக் ஸ்கர்ட்டா, பழைய சேலை ஸ்கர்ட்டா?

அலமாரி நெறைய துணி வச்சிக்கிட்டு, கேஎல்ல (கோலாலம்பூர்) மஸ்ஜித் இந்தியா துணிக்கடைங்க பக்கம் போனா மறுபடியும் ரெண்டு மீட்டர் வாங்கிட்டு வர்றவங்களுக்குத்தான் இது. ஸ்கர்ட் தைக்க முதல்ல எத எடுக்கறது, காட்டன் பாட்டிக்கா (மெழுகு வச்சு சாயம் போட்டு டிசைன் எடுக்கற துணி), யாரும் கட்டாத ஜார்ஜெட் சேலையா?

பாட்டிக் ஈஸி லா. வெட்டும்போது நழுவாது, 14 நம்பர் ஊசி போதும், கேஎல் வெயில்ல கால்ல ஒட்டாது. ஆனா சாரோங் துணின்னா பாத்து வெட்டணும், ஏன்னா அதுல கப்பாலான்னு ஒரு பட்டை மட்டும் வேற டிசைன்ல வரும், கவனிக்காம மடிச்சு வெட்டினா அது எங்கயாவது இடுக்குல போய் ஒளிஞ்சிக்கும், நான்னா அத நேரா முன்னாடி நடுவுல வச்சிருவேன், அதுக்குத்தானே காசு குடுத்தோம். வெட்டறதுக்கு முன்னாடியே தனியா துவைச்சு காய வச்சிடுங்க, சுருங்கறது அப்பவே சுருங்கட்டும்.

சேலைல துணிக்குப் பஞ்சமே இல்ல, 5 மீட்டருக்கு மேல இருக்கும். பார்டர் கீழ வர்ற மாதிரி வச்சா ஹெம் மடிக்கற வேலையும் மிச்சம். ஆனா ஜார்ஜெட் பிசுறு பிசுறா நூல் பிரியும், ஓரம் பிரியாம தைக்கற ஓவர்லாக் மெஷின் இல்லாதவங்க ஃபிரெஞ்ச் சீம் போடணும், அதாவது வெட்டின ஓரம் உள்ள மறையற மாதிரி ரெண்டு தடவ தைக்கணும், ஊசிய 11க்கு மாத்தணும், உள்ள லைனிங் வேற. அதையும் பாலியெஸ்டர்ல போட்டா எல்ஆர்டி ரயில் ஏறறதுக்குள்ள வேர்த்து ஊத்திடும், ‘வாயில்’ங்கற மெல்லிசு காட்டன் துணிதான் சரி.

தெனமும் வேலைக்குப் போட பாட்டிக், தீபாவளிக்கு வீடு வீடா விருந்துக்குப் போற ஓப்பன் ஹவுஸுக்கு சேலை. ரெண்டுக்கும் ஜிப் வேணாம், எலாஸ்டிக் போடுங்க, நாலு வீட்ல சாப்பிடணும்ல.