அம்மாவின் சுகருக்கு யாரிடம் போவது: தெருமுனை கிளினிக்கா, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியா?

அம்மாவுக்கு 68 வயது. சுகர் வந்து 14 வருடம் ஆகிறது, பிரஷர் அதற்குக் கொஞ்சம் பிந்தி. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருமுனையில் இருக்கிற கிளினிக்கில்தான் ஆரம்பத்திலிருந்து காட்டிவந்தோம். எனக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்தபோது, தினமும் போய்வருகிற ஊர்தானே என்று அங்கே ஒரு தனியார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாவை மாற்றினேன். ஒன்றரை வருடம் அங்கே பார்த்தோம். போன ஆடியில் திரும்பவும் பழைய கிளினிக்குக்கே வந்துவிட்டோம். இரண்டு இடத்திலும் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என்பதால் எழுதுகிறேன். என் ஓட்டு கிளினிக்குக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கிளினிக்கில் ஃபீஸ் 200 ரூபாய், அங்கே 600. அந்த வித்தியாசத்தைவிட நான் போட்ட அரை நாள் லீவுகள்தான் பெரிய செலவு. தூரம் 25 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் முழங்கால் வலி உள்ளவருக்கு ரெட்டிச்சாவடி, அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தமாகக் குலுங்கிப் போவதும் பஸ் படி இறங்குவதும் எளிதில்லை. லேப், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தது பெரிய ஆஸ்பத்திரியின் வசதி. காத்திருக்கும் நேரத்திலும் அவர்கள்தான் மேல். கிளினிக்கில் சாயங்காலம் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சல் பரவினால் வாசல் செருப்புகள் தெருவுக்கே வந்துவிடும்.

சரி, நான் சொல்ல வந்தது நோட்டைப் பற்றி.

எங்கள் டாக்டர் சுகர், பிரஷர் உள்ள எல்லாருக்கும் ஒரு நோட்டு போட்டுவிடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற சாதாரணக் கோடு போட்ட நோட்டுதான். அம்மாவின் முதல் நோட்டு 2015 வெள்ளத்தில் ஊறிப்போனது. இப்போது இருப்பது 2016 ஜனவரியில் தொடங்கியது. முதல் பக்கத்தில் சேராத மருந்துகள், செய்துகொண்ட ஆபரேஷன், அப்பா வழியில் யாருக்கு இதய நோய் என்று இருக்கும். அடுத்த பக்கத்திலிருந்து ஒரு வருகைக்கு ஒரு வரி: தேதி, எடை, பிரஷர், வெறும் வயிற்றுச் சுகர், சாப்பிட்ட பின் சுகர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சுகரின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி. வருடத்துக்கு ஒருமுறை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின். மாத்திரையை மாற்றினால் சிவப்பு மையில் எழுதி, ஏன் மாற்றினார் என்று பக்கத்தில் நாலு வார்த்தை. அம்மா அதைப் பாலித்தீன் உறையில் போட்டு மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். அட்டையில் ஒரு மூலை முழுக்க எண்ணெய்க் கறை.

பெரிய ஆஸ்பத்திரியிலும் பதிவு இல்லாமல் இல்லை. கம்ப்யூட்டரில் எல்லாம் ஏற்றுவார்கள், ரிசல்ட் ஃபோனுக்கே வந்துவிடும். ஆனால் ஒன்றரை வருடத்தில் அம்மாவைப் பார்த்த பொது மருத்துவர் மூன்று முறை மாறினார். ஒவ்வொருவரும் பொறுமையாகத்தான் கேட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். "எத்தனை வருஷமா சுகர் இருக்கு?" என்ற கேள்விக்கு அம்மா ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொன்னார். சொல்லச் சொல்ல ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அந்த விட்டுப்போன ஒன்றில்தான் எங்களுக்குச் சிக்கல் வந்தது.

அங்கே எடுத்த முழு உடல் பரிசோதனைக்குப் பிறகு இதய மருத்துவர் பிரஷருக்கு ஒரு புது மாத்திரை எழுதினார். சில வாரம் கழித்து அம்மாவுக்கு இருமல் தொடங்கியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வறட்டு இருமல். படுத்தால் போதும், கிளம்பிவிடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, எங்களை எழுப்பிவிடக் கூடாதென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவார். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். நுரையீரல் மருத்துவரிடம் போனோம், பிறகு காது மூக்கு தொண்டை. சளிப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, இரண்டு வகை சிரப். எல்லா ரிப்போர்ட்டும் சுத்தம். இருமல் மட்டும் நிற்கவில்லை. இரண்டரை மாதம் இப்படியே போனது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவே, "நம்ம டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிடலாம்டி" என்றார். மாறிப்போனவர்கள் திரும்பி வந்திருக்கிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நோட்டு கொண்டுவந்தீங்களாம்மா?" என்றுதான் கேட்டார். கடைசி வரியைப் படித்துவிட்டு, பையில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் மேஜையில் கொட்டச் சொன்னார். ஒவ்வொரு அட்டையாக எடுத்து நோட்டோடு ஒப்பிட்டார். நோட்டில் இல்லாத ஒரு பெயர் வந்ததும் நிறுத்தினார். ராமிப்ரில்.

"இது எப்ப ஆரம்பிச்சீங்க? இருமல் எப்ப?"

தேதி பொருந்திப்போனது. அது நல்ல மாத்திரைதான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு என்று எத்தனையோ பேருக்கு எழுதுகிறார்கள், சிலருக்கு மட்டும் இந்த வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்று விளக்கினார். எங்களை உட்காரவைத்தே, அதை எழுதிக் கொடுத்த இதய மருத்துவரிடம் ஃபோனில் பேசி, இரண்டு பேரும் சேர்ந்து டெல்மிசார்ட்டன் என்ற வேறொரு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார்கள். பத்து நாளில் இருமல் குறைந்தது. மூன்றாவது வாரம் அம்மா விடியும்வரை தூங்கினார். இதைப் படித்துவிட்டு யாரும் அந்த மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம், டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியில் பார்த்த ஒவ்வொருவரும் தங்கள் பகுதியில் நன்றாகப் படித்தவர்கள். எங்கள் டாக்டர் எம்.பி.பி.எஸ்., கூடவே ஒரு குடும்ப மருத்துவ டிப்ளமோ, அவ்வளவுதான். ஆனாலும் இருமல், பிரஷர், சுகர், முழங்கால் எல்லாம் ஒரே உடம்பில் இருக்கிறது என்பதை ஒருவர் முழுதாகப் பார்க்க வேண்டுமே. சுகர் ஒரு வாரத்தில் வந்து போகிற நோய் கிடையாது. வீடு கட்டியபிறகு வருடாவருடம் பராமரிப்பதுபோல, இருபது முப்பது வருடத்துக்கு ஒரே ஆள் கண் வைத்திருக்க வேண்டிய வேலை அது.

முழங்கால் வலிக்கும் அப்படித்தான். அம்மா எப்போது வலி மாத்திரை கேட்டாலும் அவர் கிரியேட்டினின் வரிசையில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்குவார். "0.8ல இருந்தது 1.1க்கு வந்திருக்கு. வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டா கிட்னிதான் அடிவாங்கும்மா" என்று சொல்லி, தடவுகிற மருந்தும் தொடைக்கான பயிற்சியும் கொடுத்து அனுப்புவார். ஒரு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் 1.1 பெரிய எண்ணாகத் தெரியாது. ஏழெட்டு வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏறுகிறது என்பது தெரியும். ஒவ்வொரு முறையும் காலை ஸ்டூலில் தூக்கிவைக்கச் சொல்லி விரலிடுக்கைப் பார்ப்பார். அம்மாவுக்குத் தெரியாமலே இருந்த ஒரு சின்ன வெடிப்பு அப்படித்தான் கண்ணில் பட்டது.

கிளினிக் எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைக்கக் கூடாது. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, மூச்சுத் திணறல் என்றால் டோக்கன் வாங்கி உட்காராமல் 108ஐக் கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் கிளினிக் பூட்டியிருக்கும். பெரிய நோய் என்று சந்தேகம் வந்தால் எங்கள் டாக்டரே கடிதம் எழுதி கோரிமேடு ஜிப்மருக்கு அனுப்பிவிடுவார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் அங்கே ஆபரேஷன் நடந்து, நல்லபடியாகத் திரும்பி வந்தார். குழந்தைகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு எது நல்லது என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அந்த அனுபவம் சமீபத்தில் இல்லை.

200 ரூபாயும் சுமைதான் என்கிறவர்களுக்கு இன்னொன்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எதிர்வீட்டுப் பெரியம்மா அதில்தான் வாங்குகிறார். அவரும் எங்கள் அம்மாவைப் பார்த்து ஒரு நோட்டு போட்டுக்கொண்டார், வருகிற சுகாதாரப் பணியாளரிடம் பிரஷர் அளவைக் கேட்டு அதில் எழுதிவைக்கிறார். எங்கே காட்டினாலும் இந்த ஒன்றைச் செய்துவிடலாம்.

எனக்கு ஒரு கவலை உண்டு. எங்கள் டாக்டருக்கும் வயதாகிறது. அவர் கிளினிக்கை மூடிவிட்டால் அம்மாவைப் பற்றி அவர் மனதில் இருப்பதெல்லாம் அவரோடு போய்விடும், எழுதியது மட்டும்தான் எங்களிடம் மிஞ்சும். அம்மாவின் நோட்டில் இன்னும் ஆறு பக்கம்தான் பாக்கி. லாரன்ஸ் ரோட்டில் புதிது ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். பழையதன் முதல் பக்கத்தை அதில் பார்த்து எழுதி, சேராத மருந்துகளுக்குக் கீழே ராமிப்ரிலையும் சேர்த்துவிட்டேன். அடுத்த முறை போகும்போது, எழுதியது சரியா என்று அவரிடம் காட்ட வேண்டும்.